அழுத்தியதும் குதிக்கணும்

போன சித்திரைத் திருவிழாவுக்கு அக்கா குடும்பம் திண்டுக்கல்லில் இருந்து வந்திருந்தது. முதல் நாள் எதிர்சேவை, மறுநாள் விடிகாலையில் அழகர் ஆற்றில் இறங்குவது, இரண்டையும் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் கசங்கி வீடு வந்ததும், பெரியவர்கள் எல்லாரும் ஃபேனுக்குக் கீழே பாயை விரித்துவிட்டார்கள். அக்கா மகனுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. பத்து வயது. என் அலமாரியைக் கிளறிக்கொண்டிருந்தவன் ஒரு சாம்பல் நிறத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"மாமா, இது எதுக்கு?"

பழைய டிவி கேமோடு வரும் துப்பாக்கி அது. திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், வயர் அறுந்த மிக்ஸிகளுக்கும் துருப்பிடித்த ஸ்பேனர்களுக்கும் நடுவில் கிடந்தது. ஒரு டிவி கேம், மூன்று கேசட், இந்தத் துப்பாக்கி எல்லாம் சேர்த்து 250 ரூபாய்க்குப் பேசி வாங்கி வந்திருந்தேன். கேசட்டின் பித்தளைப் பற்களை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்ததும் ஓட ஆரம்பித்துவிட்டது.

ஹாலில் இருக்கும் 43 இன்ச் எல்இடி டிவியில் மாட்டிக் கொடுத்தேன். அதில் துப்பாக்கி வேலை செய்யாது என்று எனக்குத் தெரியும், அவனே பார்க்கட்டும் என்று விட்டேன். வாத்து பறந்தது. சுட்டான். சிறகடித்துக்கொண்டு மேலே போய்விட்டது. இன்னும் நாலு அடி முன்னால் போய்ச் சுட்டான். கடைசியில் துப்பாக்கி முனையைத் திரையில் ஒட்டவே வைத்துவிட்டான்.

"சுட்டா விழ மாட்டேங்குது மாமா. துப்பாக்கி போயிருச்சா?"

பரணில் ஏறி, அம்மா பெயரில் வந்த அரசு இலவசக் கலர் டிவியை இறக்கினேன். 2006-ல் தொடங்கிய திட்டத்தில் வீடு வீடாகக் கொடுத்த அதே 14 இன்ச் பெட்டி. தூசி துடைத்து, ஏவி வயரை மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். படம் வருவதற்குள்ளேயே அவன் காதைப் பொத்திக்கொண்டு, "ஏதோ கீன்னு கத்துது மாமா" என்றான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் படம் வந்தது. முதல் குண்டிலேயே வாத்து பொத்தென்று விழுந்தது. அவன் போட்ட கூச்சலில் அக்கா எழுந்து வந்துவிட்டாள்.

அந்தத் துப்பாக்கியில் இருந்து எதுவும் வெளியே போவதில்லை. வெளிச்சம்தான் உள்ளே வருகிறது. குழலுக்குள் ஒரு லென்ஸ், அதன் பின்னால் வெளிச்சத்தை உணரும் ஒரு சின்னப் பொருள். விசையை இழுத்ததும் கேம் திரை முழுவதையும் கறுப்பாக்குகிறது. அடுத்த ஃபிரேமில், அதாவது திரையில் வரையும் அடுத்த படத்தில், வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் போடுகிறது. முதலில் இருட்டு, உடனே வெளிச்சம் என்று துப்பாக்கி சொன்னால் வாத்து விழுந்தது என்று கணக்கு. இரண்டு வாத்து பறந்தால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கட்டம் போடும். எந்தக் கட்டத்தின் போது வெளிச்சம் தெரிந்ததோ அந்த வாத்து விழும். நம் கண்ணுக்கு இதெல்லாம் ஒரு சின்ன மின்னலாகத்தான் தெரியும்.

இது நடக்க வேண்டுமென்றால், கேம் சொன்ன அந்த நொடியிலேயே வெள்ளைக் கட்டம் திரையில் வந்தாக வேண்டும். பழைய பிக்சர் டியூப் டிவி படத்தைச் சேர்த்து வைப்பதில்லை. சிக்னல் வர வர, எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக வரி வரியாக எழுதிக்கொண்டே போகும். நம் ஊர் முறையில் படத்துக்கு 625 வரி, விநாடிக்கு 25 முழுப் படம் (ஒவ்வொன்றையும் இரண்டு பாதியாக வரைவதால் 50 முறை), ஆக விநாடிக்கு 15,625 வரி. இந்த டிவி கேமின் அசலைச் செய்த ஜப்பான் கம்பெனியான நிண்டெண்டோவின் துப்பாக்கியில் இந்த வேகத்தில் துடிக்கும் வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் சர்க்யூட் உண்டு. வீட்டு பல்பைக் குறிபார்த்து ஏமாற்ற முடியாது. எல்இடி டிவியிடம் அந்தத் துடிப்பே கிடையாது. அதோடு, வந்த படத்தை அது முதலில் உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது. தன் புள்ளிக் கணக்குக்கு இழுத்து நீட்டுகிறது, ஓரங்களைக் கூராக்குகிறது, நிறத்தை ஏற்றுகிறது, அதற்கப்புறம்தான் காட்டுகிறது. வெள்ளைக் கட்டம் திரைக்கு வரும்போது கேம் "வெளிச்சம் இல்லை, குறி தப்பியது" என்று முடிவெடுத்து எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும்.

இதை விளக்கியதும் அவன் கேட்டான். "இவ்வளவு பெரிய டிவிக்கு ஏன் மாமா அவ்வளவு நேரம் ஆகுது?"

இந்தக் கேள்வியைத்தான் இருபது வருஷமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பொருளை வாங்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், எத்தனை மெகாபிக்சல், எத்தனை ஜிபி என்று நான் பார்ப்பதில்லை. கையில் எடுத்து ஒரு பட்டனை அழுத்துவேன். அழுத்தியதும் நடக்கிறதா? கைக்கும் கண்ணுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், அது எவ்வளவு விலை உயர்ந்த பொருளாக இருந்தாலும் என்னால் அதை நல்ல பொருள் என்று சொல்ல முடியாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். 1995-ல் சித்தப்பா சென்னைக்குப் போய்விட்டு வரும்போது பர்மா பஜாரில் இருந்து ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் அப்போது கதவு வைத்த டயனோரா டிவி. பின்பக்கம் ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு டிவி கேம் வயரைச் செருகி, சேனல் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகுவோம். எறும்பு ஊர்வது போல் புள்ளிகள் ஓடிக்கொண்டே இருக்கும், சட்டென்று ஒரு இடத்தில் படம் பிடிபடும். அந்த நேரத்தில் யாரும் மூச்சுவிடக் கூடாது.

1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற டிவி கேமின் நகல்தான் அது. இப்போது யோசித்தால் அந்த இயந்திரத்தின் எளிமைதான் பிரமிக்க வைக்கிறது. வேலை செய்யும் நினைவகம் 2 கேபி. சூப்பர் மாரியோ விளையாட்டு மொத்தமே 40 கேபி. இடம் போதாது என்பதால் வானத்தில் இருக்கும் மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் ஒரே படத்தால் போட்டிருப்பார்கள். வெள்ளையடித்தால் மேகம், பச்சையடித்தால் புதர். பட்டனுக்கும் விளையாட்டுக்கும் நடுவில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் விளையாட்டே நேராகப் போய்ப் பட்டனைப் பார்க்கிறது. அழுத்தியிருந்தால் மாரியோ குதிக்கிறார், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு விஷயத்தை நான் வெகு தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். கல்லூரியில் படிக்கும்போது நண்பன் ஒருவன் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் (பழைய டிவி கேமைப் போலவே நடிக்கும் சாஃப்ட்வேர்) போட்டு மாரியோவை ஓட்டினான். பாட்டு ஆரம்பித்ததுமே ஏதோ தப்பாக இருந்தது. வேகம் அதிகம். மாரியோ ஓடுவதும் அவசர அவசரமாக இருந்தது. எமுலேட்டரில் கோளாறு என்று அடித்துச் சொன்னேன். கோளாறே இல்லை. ஜப்பான் டிவி விநாடிக்கு 60 முறை திரையை வரையும், நம் டிவி 50 முறை. அந்த விளையாட்டு நேரத்தைக் கடிகாரம் பார்த்து அளப்பதில்லை, ஃபிரேமை எண்ணித்தான் அளக்கிறது. அதனால் நம் ஊருக்கு வந்த நகல் பெட்டிகளில் எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடின. பாட்டும்கூட. மதுரையில் நாங்கள் கேட்டு வளர்ந்த மாரியோ பாட்டு வேறு. இன்றைக்கும் என் காதுக்கு அந்த நிதானமான பாட்டுதான் சரியாகப் படுகிறது.

சரி, டிவிக்கு வருவோம். அவன் கேட்டதற்கு வாயால் பதில் சொல்லாமல், அளந்தே பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தோம். என் போனில் விநாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருக்கிறது. ஒரு ஃபிரேமுக்கு 4 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேல். பட்டன் மேல் இருக்கும் கட்டைவிரலும் திரையும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி அவன் போனைப் பிடித்தான். நான் குதித்தேன், அதாவது மாரியோவைக் குதிக்க வைத்தேன். பத்து முறை. அப்புறம் வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, விரல் இறங்கியதற்கும் கால் தரையை விட்டதற்கும் நடுவில் எத்தனை என்று அவன் எண்ண, நான் நோட்டில் எழுதினேன். பழைய டிவியில் சராசரி 8 ஃபிரேம், அதாவது 33 மில்லி விநாடி. புது டிவியில் 32 ஃபிரேம். 133 மில்லி விநாடி.

நூறு மில்லி விநாடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். மாரியோ முழு வேகத்தில் ஓடும்போது ஒரு ஃபிரேமுக்கு இரண்டரைப் புள்ளி நகர்வார். நம் 50 ஃபிரேம் கணக்கில் நூறு மில்லி விநாடிக்குப் பன்னிரண்டரைப் புள்ளி. சின்ன மாரியோவின் உடம்பே கிட்டத்தட்ட அவ்வளவு அகலம்தான். அதாவது பள்ளத்தின் ஓரத்தில் அவரைப் பார்த்து நாம் அழுத்தும்போது, விளையாட்டின் கணக்கில் அவர் ஒரு ஆள் அகலம் தாண்டி, ஏற்கெனவே பள்ளத்துக்குள் இருக்கிறார். சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய இடங்களில் இப்போது விழுகிறவர்கள், வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். டிவியில் கேம் மோட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படத்தை மெருகேற்றும் வேலைகளில் பெரும்பாலானவற்றை அது நிறுத்திவிடும். நிறம் கொஞ்சம் வெளிறும். கை திரும்பக் கிடைக்கும்.

திரையின் தாமதம் ஒரு பக்கம். அழுத்தினோம் என்பதை விரலே உணர வேண்டும், அது இன்னொரு பக்கம். சிம்மக்கல் பக்கத்துச் சந்து ஒன்றில் வீடியோ கேம்ஸ் கடை இருந்தது. ஒரு ரூபாய்க்கு ஒரு ஆட்டம். கேப்காம் 1993-ல் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்ற விளையாட்டுக்கு அந்தப் பெயர் இருக்கிறது என்பதே எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தமிழ்நாடு முழுக்க அதற்கு ஒரே பெயர்தான், முஸ்தபா. அதில் வரும் ஒரு வீரனின் பெயர் அது. மஞ்சள் தொப்பி போட்ட அவனை யார் எடுப்பது என்றுதான் சண்டை வரும். அந்தப் பெட்டியின் ஜாய்ஸ்டிக்குக் கீழே நாலு மைக்ரோ ஸ்விட்ச் இருக்கும். எந்தப் பக்கம் சாய்த்தாலும் 'டக்'. சத்தத்தை வைத்தே, பின்னால் நின்று பார்ப்பவன்கூட எப்போது உதை விழும் என்று சொல்லிவிடுவான். போன் திரையில் வரைந்து வைத்திருக்கும் ஜாய்ஸ்டிக்கில் அந்த 'டக்' இல்லை. கட்டைவிரல் வட்டத்தை விட்டு நகர்ந்ததே தெரியாது. தெரியும்போது ஆட்டம் முடிந்திருக்கும். கண்ணாடியைத் தேய்த்துச் சண்டை போடுவதை நான் எந்தக் காலத்திலும் ரசிக்கப் போவதில்லை.

என் வேலையிலும் இதே கதைதான். கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். அங்கே எல்லாக் கடையிலும் டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர்தான். டாலி போடத் தெரிந்த ஆள் மவுஸைத் தொடமாட்டார். எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், எஃப்5 செலவு, எஃப்6 வரவு. பார்ட்டி பெயரில் மூன்று எழுத்து, என்டர், சரக்கின் பெயரில் மூன்று எழுத்து, என்டர், மூட்டை, விலை, என்டர். கடைசியில் கன்ட்ரோல் ஏ. கண் சீட்டில் இருக்கும், கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். லோடு வண்டி வாசலில் நிற்க, மூட்டை தூக்குகிறவர் "பில்லு போட்டாச்சாண்ணே?" என்று குரல் கொடுக்க, அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரு பில்லை அரை நிமிஷத்துக்குள் போட்டுவிடலாம். திரை கொஞ்சம் பின்தங்கினாலும் பரவாயில்லை. அடித்த எழுத்து ஒன்றும் தொலையாது, வரிசையில் நின்று தன் இடத்தில் போய் உட்காரும்.

நடுவில் ஒரு வருஷம் முதலாளி வேறொரு பில்லிங் சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தார். இன்டர்நெட் வழியாக ஓடுவது. பார்க்க அழகாக இருந்தது, பெரிய பெரிய எழுத்து, வட்ட வட்டப் பட்டன். மூன்று எழுத்து அடித்தால் ஒரு சக்கரம் சுற்றும். சுற்றி முடிந்து பட்டியல் வரும். அதற்குள் நான் என்டர் தட்டியிருப்பேன். அந்த என்டர் பட்டியல் வருவதற்கு முன்பே போய்விட்டதால், வேறொரு பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உசிலம்பட்டி பார்ட்டிக்குப் போட வேண்டிய துவரம் பருப்பு பில் ஒருமுறை திருமங்கலம் பார்ட்டி பெயரில் விழுந்தது. அன்றைக்கு நான் வாங்கிய திட்டு இன்னும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, பார்த்து, சரிபார்த்துத் தட்டப் பழகினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கை வலிக்காது, தலைதான் வலிக்கும். இயந்திரத்துக்காக நாம் காத்திருக்கும் ஒவ்வொரு முறையும், அடுத்து என்ன செய்ய இருந்தோம் என்பது மனசில் இருந்து நழுவுகிறது. அதைத் திரும்பப் பிடிக்கத்தான் அவ்வளவு அலுப்பு. ஒரு வருஷம் முடிந்ததும் டாலிக்கே திரும்பிவிட்டோம்.

டான் லூ என்கிற பொறியாளர் 2017-ல் பழைய, புதிய கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்து, ஒரு எழுத்தை அழுத்தினால் திரையில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று வேகக் கேமராவால் அளந்தார். 1983-ன் ஆப்பிள் 2இ-க்கு 30 மில்லி விநாடி. பல மடங்கு சக்தி கொண்ட இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்கும் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆனது. காரணம் ஒன்றல்ல. கீபோர்டு தனக்குள் யோசிக்கிறது, ஆபரேட்டிங் சிஸ்டம் கை மாற்றி விடுகிறது, ஒவ்வொரு சாளரத்தின் படத்தையும் தனித்தனியாக வரைந்து ஒட்டுகிறது, கடைசியில் திரை தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் எடுக்கிறார்கள். திருமங்கலத்தில் ஏற்றிய மூட்டை நாலு கை மாறி வந்தால் எவ்வளவு சிந்தும், அதுபோல.

ப்ளூடூத் இயர்போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அக்கா மகனுக்கு அத்தான் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். போனில் கிரிக்கெட் ஆடுகிறான். மட்டையில் பட்டு, பந்து கிளம்பிப் போன பிறகுதான் காதில் 'டொக்' வருகிறது. சத்தத்தைச் சுருக்கி, ரேடியோவில் அனுப்பி, காதில் இருக்கும் சில்லு அதை விரித்து, விட்டுப்போனதைத் திரும்பக் கேட்டு வாங்குவதற்கென்று கொஞ்சம் சேர்த்தும் வைத்துக்கொள்கிறது. எல்லாம் சேர்ந்தால் கால் விநாடி வரைக்கும்கூடப் போகும். சினிமா பார்க்கும்போது இது தெரியாது, ஏனென்றால் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திப் போன் சமாளித்துவிடும். விளையாட்டில் அது முடியாது. நாம் எப்போது மட்டையைச் சுழற்றுவோம் என்று போனுக்கு எப்படித் தெரியும்? டவுன் ஹால் ரோட்டில் 150 ரூபாய்க்கு ஒரு வயர் இயர்போன் வாங்கிக் கொடுத்தேன். அவன் போனில் அதைச் செருக ஓட்டை இருந்தது. என் போனில் இல்லை. அந்த ஓட்டையை எடுத்துவிட்டது முன்னேற்றம் என்று யார் சொன்னாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் ப்ளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப்பைத் தூக்கிப் போட இருந்தாள். ஆன் செய்து டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் தயாராக இருக்காதாம். அதில் இருந்தது நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க். வேண்டிய தகவல் ஊசிக்குக் கீழே சுற்றி வருவதற்கே சராசரியாக ஐந்தரை மில்லி விநாடி, ஊசி இடம் மாறும் நேரம் தனி. அதை எடுத்துவிட்டு, தகவலைச் சில்லிலேயே வைத்துக்கொள்ளும் எஸ்எஸ்டியைப் போட்டேன். அதில் சுற்றுவதற்கே ஒன்றும் இல்லை. அப்போது இரண்டாயிரத்துக்குள் செலவு, ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஒரு சாயங்காலம். இப்போது அவள் தம்பி அதில்தான் படிக்கிறான். புது லேப்டாப் வாங்கப் பணம் சேர்ப்பவர்கள் எல்லாரும் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அக்கா மகன் ஊருக்குப் போன பிறகு பழைய டிவி பரணுக்குத் திரும்பப் போகவில்லை. என் மேஜையிலேயே இருக்கிறது. போன மாதம் படம் பக்கவாட்டில் சுருங்க ஆரம்பித்ததும், செல்லூரில் இன்னும் டியூப் டிவி பார்க்கும் ஒரே மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். பின்மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, ஒரு கண்டென்சரை மாற்றினார். படம் நிறைந்தது. அப்புறம் கறுப்பாக, தடிமனாக, மண்டையில் சிவப்பு வயரோடு இருந்த எல்ஓடியை, அதாவது பிக்சர் டியூபுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுக் காட்டினார்.

"இது போனா கிடைக்காது தம்பி. இதே மாதிரி இன்னொரு பெட்டி வாங்கி வச்சுக்கங்க."

அந்த 'கீ' சத்தம் எல்ஓடியில் இருந்துதான் வருகிறது. விநாடிக்கு 15,625 வரி எழுதும் சர்க்யூட் போடும் சத்தம். சின்னப் பிள்ளைகளுக்கு நன்றாகக் கேட்கும், வயது ஏற ஏறக் கேட்காது. நானும் ஒரு காலத்தில் தெருமுனையில் வரும்போதே எங்கள் வீட்டில் டிவி ஓடுகிறதா என்று சொல்லிவிடுவேன். மெக்கானிக்கிடம் கேட்டேன். அவருக்குக் கேட்பது நின்று இருபது வருஷம் ஆகிறது என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை திலகர் திடலில் அதே 14 இன்ச் பெட்டி ஒன்று கிடைத்தது. 300 ரூபாய். அங்கே கரண்ட் கொடுத்துப் போட்டுப் பார்க்க வழியில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்துதான் போட்டேன். படம் வருகிறது, நிறம் கொஞ்சம் மங்கல். காலாண்டுப் பரீட்சை லீவில் அக்கா மகன் வருகிறான். எல்ஓடி சரியாகக் கத்துகிறதா என்று கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.